டெபியன் வெளியீட்டின் பெயரை முழுதாக அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ் நாளிதழ்களில் லினக்ஸ் பற்றிக் குறிப்பு வரும்போது, 'டெபியனின் லேட்டஸ்ட் வெர்ஷனை இணையத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம்' என்ற வரியோடு நிறுவும் பகுதி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதை நம்பி, லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் தளத்துக்குப் போகிறவருக்கு அங்கே ஒரே ஒரு கோப்பு காத்திருப்பதில்லை. நெட்இன்ஸ்ட், டிவிடி, லைவ், டெஸ்டிங், டெய்லி பில்டு என்று வரிசையாகக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் பிராசஸருக்கு ஒன்றாகப் பெருகி நிற்கின்றன. தவறானதை எடுத்தவர் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, லினக்ஸே நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார். டெபியன் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் எண், குறிப்பெயர் (கோட்நேம்), பிராசஸர் வகை என்று மூன்றும் இருக்கின்றன. இந்த மூன்றையும் விடாமல் அச்சிட வேண்டும் என்று கேட்பதற்கே இக்கடிதம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

டெபியனில் 1.0 என்ற வெளியீடே கிடையாது. 1993 ஆகஸ்ட்டில் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் திட்டம், 0.93 வரிசையை முடித்து 1.0-ஐத் தயாரித்துக்கொண்டிருந்த நேரம். வேலை முடியாமல் சர்வரில் கிடந்த கோப்புகளை ஒரு சிடி விற்பனை நிறுவனம் எடுத்து, 'டெபியன் 1.0' என்று தவறுதலாகப் பெயர் போட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அந்த வட்டு சரியானதல்ல என்று 1995 டிசம்பர் 11 அன்று திட்டமும் நிறுவனமும் சேர்ந்தே அறிவித்தன. அதன்பின் உண்மையான 1.0-ஐ அதே பெயரில் வெளியிட்டிருக்கலாம். வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் 'என்னிடம் இருப்பது 1.0' என்று உதவி கேட்டு வருகிறவரிடம் இருப்பது எந்த 1.0 என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. 1996 ஜூனில் வந்த வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தார்கள். குறிப்பெயர் 'பஸ்'.

டெபியன் தன் கோப்புக் கிடங்கை அமைத்திருக்கும் முறைக்கும் இந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தயாராகிக்கொண்டிருக்கும் வெளியீட்டின் அடைவுக்கு (ஃபோல்டர்) முன்கூட்டியே எண்ணைப் பெயராக வைத்தால், வெளியாகிவிட்டது என்று நினைத்து யாராவது எடுத்து வட்டில் போட்டுவிடுவார்கள். 'அன்ஸ்டேபிள்' (நிலையற்றது) என்று வைத்துவிட்டு வெளியீட்டு நாளில் 'ஸ்டேபிள்' (நிலையானது) என்று மாற்றினாலோ, கிடங்கின் நகலை வைத்துக்கொண்டு உலகமெங்கும் இருக்கும் மிரர் சர்வர்கள் அதைப் புது அடைவு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி இழுக்கும். இரண்டு சிக்கலையும் ஒரே ஏற்பாட்டில் தீர்த்தார்கள். அடைவுக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறாத ஒரு குறிப்பெயர் இருக்கும். ஸ்டேபிள், டெஸ்டிங் (அடுத்த வெளியீடாகத் தயாராகிக்கொண்டிருப்பது) என்பவை அந்த அடைவைச் சுட்டும் இணைப்புகள். வெளியீட்டு நாளில் இணைப்பைத் திருப்பி வைத்தால் போதும், ஒரு கோப்பும் இடம் மாற வேண்டியதில்லை.

அக்காலத்தில் திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனால் அந்த நிறுவனம் எடுத்த 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களே குறிப்பெயர்களாக அமைந்தன. 10 என்றால் பஸ்டர், 11 புல்ஸ்ஐ, 12 புக்வார்ம், 13 ட்ரிக்ஸி. அடுத்து வரவிருக்கும் 14-க்கு ஃபோர்க்கி என்று பெயர் வைத்தாயிற்று. படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் சிட். அன்ஸ்டேபிளுக்கு எப்போதும் அதே பெயர்தான், அது ஒருநாளும் வெளியீடாக மாறாது.

ஒரு பேக்கேஜ் (நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள்) முதலில் சிட்டில் ஏறுகிறது. அங்கே ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் தனித்தனியாக பில்டு சர்வர்கள் அதைக் கட்டுகின்றன. பெரும் பிழை எதுவும் புகாராக வரவில்லை என்றால், அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாளில் டெஸ்டிங்குக்கு நகர்கிறது. வெளியீடு நெருங்கும்போது டெஸ்டிங்கில் மாற்றங்களை ஏற்பதைப் படிப்படியாக இறுக்குகிறார்கள். 13-க்கு 2025 மார்ச் 15-இல் முதல் கட்டம், ஏப்ரல் 15-இல் மென் உறைவு, மே 15-இல் கடும் உறைவு, ஜூலை 27-இல் முழு உறைவு, ஆகஸ்ட் 9-இல் வெளியீடு. இடைப்பட்ட மாதங்களில் நிறுவி (நிறுவும் மென்பொருள்) ஆர்சி1, ஆர்சி2 (ரிலீஸ் கேண்டிடேட், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று வந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு 'டெபியன் 13 வந்துவிட்டது' என்று செய்தி போடுவது, 1995-இல் அந்த சிடி நிறுவனம் செய்த காரியத்தையே அச்சில் செய்வதாகும். ஆர்சி என்பது சோதிக்கிறவர்களுக்கானது. பள்ளி ஆய்வகத்தில் போடுவதற்கு அல்ல.

வெளியீட்டு நாளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பழுது அதிகம் வருவது இங்கேதான். டெபியன் கணினியில் எங்கிருந்து மென்பொருள் வர வேண்டும் என்பது 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கே 'புக்வார்ம்' என்றும் எழுதலாம், 'ஸ்டேபிள்' என்றும் எழுதலாம். பல வழிகாட்டிகள் இரண்டாவதைச் சொல்லித்தருகின்றன, எப்போதும் புதியது கிடைக்குமே என்று. ஆகஸ்ட் 9 அன்று புக்வார்ம் என்று எழுதியிருந்த கணினிக்கு எந்த மாற்றமும் இல்லை, அது 12 ஆகவே தொடர்ந்தது. ஸ்டேபிள் என்று எழுதியிருந்த கணினியில், பேக்கேஜ்களைக் கையாளும் ஆப்ட் கருவிக்கு 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளையைக் கொடுத்தால், கோட்நேம் புக்வார்மிலிருந்து ட்ரிக்ஸிக்கு மாறிவிட்டது, ஏற்கிறீர்களா என்று கேட்டு நிற்கும். அதைப் படிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டு வழக்கம்போல 'ஆப்ட் அப்கிரேடு' ஓட்டுகிறவர்கள் ஏராளம். அந்தக் கட்டளை பழைய பேக்கேஜ் எதையும் நீக்காது. ஒன்றை நீக்கினால்தான் இன்னொன்றை ஏற்ற முடியும் என்ற நிலையில் இருப்பவை அப்படியே நின்றுவிடும். முடிவில் கணினி பாதி 12, பாதி 13. அந்தக் கலவையை யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

முழுதாகவே மாறினாலும் கேள்வி முடியவில்லை. பிஎச்பி நிரல்மொழி 8.2 போய் 8.4 வருகிறது. பைத்தான் 3.11 போய் 3.13 வருகிறது, 3.11-ஐ வைத்துக் கட்டிய வென்வ் (தனி நூலகங்களோடு அமைத்த பைத்தான்) சூழல்கள் எல்லாம் நூலகங்களைக் காணாமல் நின்றுபோகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 15-லிருந்து 17-க்குத் தரவைத் தனியே மாற்ற வேண்டும். கடையின் பில்லிங்கோ கல்லூரியின் வருகைப்பதிவோ அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு சாதாரண அப்டேட் என்று நினைத்துச் செய்தது அன்றைய வேலையையே நிறுத்திவிடும். ஆகவே சோர்சஸ்.லிஸ்டில் எப்போதும் குறிப்பெயரையே எழுதச் சொல்லுங்கள். மாறும் நாளை உரிமையாளர் முடிவு செய்யட்டும்.

மாறும் நாள் வந்தால் செய்ய வேண்டியது இது. முதலில் பேக்கப். பிறகு 12-க்குள்ளேயே கடைசி அப்டேட்வரை கொண்டுவர வேண்டும். வெளி ரெப்பாசிட்டரிகளை (டெபியனுடையது அல்லாத மென்பொருள் கிடங்குகளை) நிறுத்திவைத்து, 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' கொடுத்து எதையாவது மாறாதபடி பிடித்து நிறுத்தியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பூட் பகுதி (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி) தனியாக இருந்தால் அதன் அளவு 768 எம்பி, அதில் காலியிடம் 300 எம்பி என்பது 13-க்கான குறைந்தபட்சம். இது போதாமல் பாதியில் நின்றுபோன மேம்படுத்தல்கள் நிறைய. அதன்பின் புக்வார்ம் என்று இருக்கும் இடமெல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றி, ஆப்ட் அப்டேட். அடுத்து 'ஆப்ட் அப்கிரேடு --வித்அவுட்-நியூ-பிகேஜிஸ்', அதற்கும் அடுத்துதான் 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. இந்த வரிசையை மாற்றக் கூடாது. 11-லிருந்து ஒரே தாவலில் 13-க்குப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. 12-இல் ஒருமுறை இறங்கி, ரீபூட் செய்து, பிறகுதான் அடுத்தது.

'பெயரை மாற்றுங்கள்' என்று மட்டும் எழுதும் குறிப்புகள் கவிழ்ந்த இடங்கள் இரண்டு. 10 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளின் பெயர் 'பஸ்டர்/அப்டேட்ஸ்'. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்ட 'பஸ்டர்-அப்டேட்ஸ்' என்பதோ வேறொரு தொகுப்பு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டதால் 11 முதல் 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' என்று மாற்றினார்கள். பழைய வரியில் பஸ்டரை மட்டும் எடுத்துவிட்டு புல்ஸ்ஐ போட்டவருக்கு, அப்படி ஓர் இடமே இல்லை என்று பிழை வந்தது. அதைத் தொல்லையாக நினைத்து அந்த வரியையே நீக்கியவரின் கணினி பாதுகாப்பு அப்டேட் ஏதும் இல்லாமல் ஓடியது. இரண்டாவது, 12-இல் வைஃபை, கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர்களை (வன்பொருளை இயக்கும் உள் மென்பொருள்) 'நான்-ஃப்ரீ' (கட்டற்றது அல்லாத) பகுதியிலிருந்து பிரித்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சொல்லைச் சேர்க்காமல் 11-லிருந்து மாறியவரிடம் பழைய ஃபர்ம்வேர் அப்படியே தங்கிவிடும். பிழைச் செய்தி வராததால் வெகுநாள் தெரியவும் தெரியாது.

இனி டவுன்லோடு கோப்பின் பெயர். 'டெபியன்-12.5.0-ஏஎம்டி64-நெட்இன்ஸ்ட்.ஐஎஸ்ஓ' என்பதை எடுத்துக்கொள்வோம். 12 என்பது புக்வார்ம். 5 என்பது அதன் ஐந்தாவது புள்ளி வெளியீடு. கடைசியில் உள்ள 0 வட்டு உருவத்துக்கான (ஐஎஸ்ஓ கோப்பு) எண், உருவத்தை மட்டும் திருத்திக் கட்டினால் அது ஏறும். ஏஎம்டி64 என்பது 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகள் இரண்டுக்கும் பொது. 'என்னிடம் இருப்பது இன்டெல், இது ஏஎம்டிக்கு அல்லவா' என்று ஐ386 கோப்பை எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐ386 என்பது 32 பிட். 13-லிருந்து அதற்கு நிறுவியும் கிடையாது, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது. பழைய 32 பிட் கணினியை வைத்திருப்பவர் 12-இல்தான் நிற்க வேண்டும். ஏஆர்எம்64 என்பது அந்த வகை பிராசஸர் கொண்ட போர்டுகளுக்கும் சர்வர்களுக்கும் உரியது. சாதாரண மடிக்கணினியில் போட்டால் பூட்டே ஆகாது. திரையில் பிழைகூட வராது என்பதால் பென்டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

நெட்இன்ஸ்ட் 600 முதல் 800 எம்பி அளவில் இருக்கும். மிச்சத்தை நிறுவும்போதே இணையத்திலிருந்து இழுக்கும். இணைய வசதி குறைந்த ஊரில் இருப்பவருக்கு டிவிடி-1 தான் ஏற்றது என்று குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கோப்புப் பெயரில் எண்ணுக்குப் பதில் 'டெஸ்டிங்' என்று இருந்தால் அதைத் தொட வேண்டாம். அந்தப் பெயரில் நேற்று இறக்கியதும் இன்று இறக்கியதும் ஒன்றல்ல, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வரும். தமிழ் வாசகருக்கு முக்கியமான ஒன்று: டெபியன் நிறுவியில் தமிழ் உண்டு. ஆனால் 'கிராஃபிக்கல் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தால்தான் மொழிப் பட்டியலில் அது தென்படும். வெறும் 'இன்ஸ்டால்' என்ற எழுத்துத் திரை நம் எழுத்தைக் காட்டும் திறன் கொண்டதல்ல.

இறக்கியதும் அதே அடைவில் இருக்கும், கோப்புகளின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகைகள் கொண்ட 'எஸ்எச்ஏ256சம்ஸ்' கோப்பையும் அதன் '.சைன்' கையொப்பக் கோப்பையும் இறக்கி, 'எஸ்எச்ஏ256சம் -சி --இக்னோர்-மிஸ்ஸிங் எஸ்எச்ஏ256சம்ஸ்' என்று சரிபார்க்க வேண்டும். ஓகே என்று வந்தால் கோப்பு வழியில் சிதையவில்லை என்று பொருள். சர்வருக்குள்ளேயே எவரேனும் புகுந்து கோப்பையும் கூட்டுத்தொகையையும் சேர்த்தே மாற்றியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் '.சைன்'. டெபியன் வெளியிட்டிருக்கும் சாவியை வைத்து 'ஜிபிஜி --வெரிஃபை' செய்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும். பென்டிரைவில் எழுதும்போது முழு டிவைஸுக்கு எழுத வேண்டும், எஸ்டிபி என்று. எஸ்டிபி1 என்று ஒரு பகுதிக்கு எழுதினால் பூட் ஆகாது.

புள்ளி வெளியீடு என்பதை நாளிதழ்கள் புதிய பதிப்பு என்று எழுதிவிடுகின்றன. 12.4-லிருந்து 12.5 வருவது புதிய பதிப்பு அல்ல. சுமார் இரண்டு மாதங்களில் சேர்ந்த பாதுகாப்புத் திருத்தங்களையும் பெரும் பிழைத் திருத்தங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வட்டு உருவத்தையும் புதுப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒழுங்காக அப்டேட் செய்துவருகிற கணினி தானாகவே 12.5 ஆகிவிடும். கையில் இருக்கும் 12.0 பென்டிரைவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதைக் கொண்டு நிறுவி அப்டேட் செய்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

பெயர் விஷயத்தில் இந்தத் திட்டம் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு 2023 டிசம்பரில் நடந்ததே சாட்சி. டிசம்பர் 9, சனிக்கிழமை, 12.3 வெளியாக வேண்டிய நாள். பேக்கேஜ்கள் கிடங்குக்குள் போய்விட்டன, மிரர்கள் இழுத்துக்கொண்டிருந்தன. வட்டு உருவங்களைக் கட்டும் வேலை நடக்கும்போது, அதில் இருந்த 6.1.64-1 கெர்னல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரிந்தது. எக்ஸ்ட்4 தான் டெபியன் நிறுவி வழக்கமாகப் போடும் கோப்பு முறைமை. அதாவது ஏறத்தாழ எல்லோருக்கும் ஆபத்து. உருவங்களை நிறுத்தினார்கள். அப்டேட் செய்யாதீர்கள், செய்திருந்தால் அந்தக் கெர்னலில் ரீபூட் செய்யாதீர்கள் என்று அறிவித்தார்கள். 6.1.66-1 கெர்னலோடு மறுநாளே திருத்திய வெளியீடு வந்தது. அதன் எண் 12.4.

12.3-க்கு உருவமே வெளியாகவில்லை, அந்த எண்ணையே திருத்தியதற்கு வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் டிசம்பர் 9 அன்று அப்டேட் செய்த கணினிகளில் 12.3 என்ற எண் ஏறிவிட்டது. மறுநாள் நல்லதும் 12.3 என்றே வந்திருந்தால், ஒரு நிர்வாகி தன் நூறு கணினிகளைப் பார்த்து எதில் கெட்ட கெர்னல் இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பிரித்திருக்க முடியாது. எண் வெளியே போய்விட்டால் அது போனதுதான். 1995-இல் எடுத்த அதே முடிவை 28 ஆண்டு கழித்து ஒரே இரவில், தயக்கமில்லாமல் எடுத்தார்கள். மென்பொருள் வெளியிடுகிற எந்தக் குழுவும் இதைப் பார்த்துப் பழக வேண்டும். பிழையான கோப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைப்பது நம் ஊர்த் திட்டங்களிலும் சாதாரணமாக நடக்கிறது. அப்படி வைத்த பிறகு கூட்டுத்தொகை பொருந்தாதபோது, தன் கோப்பு சிதைந்ததா, சர்வர் கோப்பு மாறியதா என்று இறக்கியவருக்குத் தெரிய வழியே இல்லை.

இதே கண்டிப்பு ஒவ்வொரு பேக்கேஜின் எண்ணிலும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாததால் அலுவலகங்களில் வீண் பதற்றம் உண்டாகிறது. கர்ல் என்ற கருவியில் 2023 அக்டோபரில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. கர்ல் திட்டம் அதை 8.4.0-இல் அடைத்தது. புக்வார்மில் இருந்ததோ 7.88.1. டெபியன் 8.4.0-க்குத் தாவவில்லை, ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்து '7.88.1-10+டெப்12யு4' என்று வெளியிட்டது. 7.88.1 கர்ல் திட்டத்தின் எண். 10 டெபியன் அதைக் கட்டிய எண்ணிக்கை. டெப்12 எந்த வெளியீட்டுக்கு என்பது. யு4 அந்த வெளியீட்டுக்குள் நான்காவது திருத்தம். ஸ்கேனர் மென்பொருள் 7.88.1 என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சிவப்பாகக் காட்டும். தணிக்கை செய்ய வருகிறவரும் அதை அப்படியே அறிக்கையில் எழுதுவார். உடனே இணையத்தில் எங்கோ கிடைக்கும் 8.4.0-ஐக் கட்டிக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வரும் திருத்தங்கள் அந்தக் கணினிக்கு வருவதே இல்லை, ஏனென்றால் அது இப்போது டெபியன் கொடுத்த கர்ல் அல்ல. பார்க்க வேண்டியது 'யு' எண்ணை.

சில பேக்கேஜ்களில் கூட்டல் குறிக்குப் பதில் அலைக்குறி வரும், '3.0.11-1~டெப்12யு2' என்று குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வந்ததுபோல. இரண்டும் வேறு. கூட்டல் குறி, இருக்கும் பதிப்பின் மேல் திருத்தம் போட்டது. அலைக்குறி, அடுத்த வெளியீட்டுக்கென்று கட்டிய புதிய பதிப்பைக் கீழே கொண்டுவந்தது. பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கருவியின் கணக்கில் அலைக்குறி எல்லாவற்றுக்கும் முந்தியது, ஒன்றும் இல்லாததற்கும்கூட முந்தியது. அதனால் '3.0.11-1~டெப்12யு2' எப்போதும் '3.0.11-1'-ஐவிடச் சிறியது. 13-க்கு மாறும்போது அங்கே இருப்பது பெரிய எண்ணாக இருந்து இதைத் தானாக மாற்றிவிடும். சொந்தமாகப் பேக்கேஜ் கட்டுகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். சோதனைப் பதிப்புக்கு '2.0ஆர்சி1' என்று எண் கொடுத்துவிட்டு, பின்னால் '2.0' வெளியிட்டால் ஆப்ட் அதைக் கீழிறக்கம் என்று நினைத்து ஏற்றாது. '2.0~ஆர்சி1' என்று கொடுத்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' என்று இரண்டு எண்களையும் கொடுத்து வெளியிடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

பேக்கேஜ் எண்ணின் ஒட்டில் குறிப்பெயர் இல்லாமல் 12, 13 என்று எண் இருப்பதும் பட்டறிந்து வந்ததே. ஒருகாலத்தில் 'சார்ஜ்5', 'எட்ச்3' என்றுதான் ஒட்டுகள் போட்டார்கள். 3.1 சார்ஜ், 4.0 எட்ச். ஆங்கில அகரவரிசையிலோ 'இ' எழுத்து 'எஸ்'ஸுக்கு முன்னால் வருகிறது. மற்ற எண்கள் ஒன்றாக இருந்தால் கணினி பழைய சார்ஜ் பேக்கேஜைப் புதியது என்று வைத்துக்கொள்ளும். மனிதருக்குக் குறிப்பெயர், கணினி வரிசைப்படுத்துவதற்கு எண் என்று வேலையைப் பிரித்த பிறகு இந்தத் தொல்லை ஒழிந்தது.

கெர்னல் பெயரும் ஏமாற்றும். 12-இல் 'யுநேம் -ஆர்' கொடுத்தால் '6.1.0-18-ஏஎம்டி64' என்று வரும். 6.1.0 என்பது 2022-இல் வந்ததாயிற்றே என்று அலற வேண்டாம். 18 என்பது டெபியனின் உள் எண், உண்மையான கெர்னல் 6.1.76. 'யுநேம் -வி' கொடுத்தால் '6.1.76-1' என்று அதுவே சொல்லும். 13-இல் '6.12.38+டெப்13-ஏஎம்டி64' என்று பெயரிலேயே உண்மை எண் தெரியும்படி மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

டெபியனிலிருந்து கிளைத்தவை நிறைய. உபுண்டு எல்லோருக்கும் தெரிந்தது, சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆனால் இவற்றின் எண்ணும் பெயரும் தனி. உபுண்டுவில் எண் என்பது ஆண்டும் மாதமும், 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2006-இல் 6.04 என்று வர வேண்டியது ஆறு வாரம் தாமதமாகி ஜூனுக்குப் போனபோது எண்ணையே 6.06 என்று மாற்றினார்கள். உபுண்டு 22.04-இல் 'டெபியன்_வெர்ஷன்' கோப்பைத் திறந்தால் 'புக்வார்ம்/சிட்' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டெபியன் புக்வார்மின் ரெப்பாசிட்டரியை உபுண்டுவில் சேர்க்கிறவர்கள் கணினியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எந்த இயங்குதளம் என்று அறிய 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நிலைமை இன்னும் வேறு. அங்கே 'ஸ்டேபிள்' என்று பெயர் போட்ட உருவம் வளர்ச்சிக் கிளையிலிருந்து கட்டிய ஸ்னாப்ஷாட் (அன்றைய நிலையின் நகல்), 'கரன்ட்' அதைவிடப் பச்சையானது. வாசகர் இறக்க வேண்டியது '14.1-ரிலீஸ்' போல ரிலீஸ் என்று முடிவது. டெபியன் பழக்கத்தில் அங்கே ஸ்டேபிளை எடுப்பவருக்கு எதிர்பார்த்தது கிடைக்காது.

கணினிப் பக்கத்தில் லினக்ஸ் செய்தி வரும்போது ஒரு சிறு கட்டத்தில் இவை இருந்தால் போதும்: 'டெபியன் 13, ட்ரிக்ஸி; வெளியான நாள் 2025 ஆகஸ்ட் 9; ஏஎம்டி64 கணினிகளுக்கு, கோப்பு நெட்இன்ஸ்ட்; ஆதரவு மூன்று ஆண்டு, அதன்பின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) இரண்டு ஆண்டு'. மூன்று வரி இடம்தான். கட்டளைகளை அச்சிட்டால் அவை எந்த வெளியீட்டுக்கு என்பதும் பக்கத்தில் வர வேண்டும். 11-க்கு எழுதிய சோர்சஸ்.லிஸ்ட் வரியை 13-இல் தட்டிவிட்டுத் தவிக்கிறவர், அது பழைய குறிப்பு என்று தெரிந்துகொள்ள அந்த எண் ஒன்றுதான் வழி.

கணினிக் கடைக்காரர்களுக்கும் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் இதே பக்கத்தின் மூலம் ஒரு வேண்டுகோள். நிறுவுவதற்கென்று வைத்திருக்கும் பென்டிரைவில் 'லினக்ஸ்' என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். கோப்பின் பெயரை ஐஎஸ்ஓவரை முழுதாக எழுதி, இறக்கிய தேதியையும், எஸ்எச்ஏ256-இன் முதல் எட்டு எழுத்துகளையும் சேர்த்து ஒட்டுங்கள். டெஸ்டிங் உருவமாக இருந்தால் அதை ஆய்வகத்துக்குக் கொடுக்காமல் தனியே வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்,
திருச்சி.